சிதம்பரத்தில் 108 கரணங்கள் எங்கே இருக்கின்றன?

கரணங்கள், அதாவது பரதரின் பழைய ஆடல் நூலான நாட்டிய சாஸ்திரம் சொல்லும் ஆடல் நிலைகள், சிதம்பரம் நடராஜர் கோயிலில் சிற்பங்களாக இருக்கின்றன. அவை பிரகாரச் சுவரில் இல்லை. ராஜகோபுரத்தின் வாசல் வழிக்குள், நீங்கள் நடந்துபோகும் பாதையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. நான்கு கோபுரங்களிலும் உண்டு.

"கோயில் முழுக்கச் சுற்றியும் கண்ணில் படவில்லை" என்கிறீர்கள். அனேகமாக அவற்றைத் தாண்டித்தான் உள்ளே போயிருப்பீர்கள். எல்லாருக்கும் நடராஜரைப் பார்க்கும் அவசரம்; வாசலில் யார் நிற்கிறார்கள்?

அடுத்த முறை கிழக்கு அல்லது மேற்கு கோபுரத்தில் நின்று பக்கவாட்டில் பாருங்கள். சுவரை ஒட்டிய தூண்களில் கீழிருந்து மேலாக, கட்டம் கட்டமாக ஆடும் பெண் உருவங்கள் தெரியும். இந்த இரண்டு கோபுரங்களில் மட்டும் அந்தந்தக் கரணத்துக்குரிய நாட்டிய சாஸ்திர வரியையும் கிரந்த எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். பரதம் கற்றவர் யாராவது கூட வந்தால் தலபுஷ்பபுடத்தைத் தேடச் சொல்லுங்கள்: இரு கைகளையும் குவித்து இடப்பக்கம் மார்பருகே பூ ஏந்திய நிலை. சாஸ்திரத்தில் அதுதான் முதல் கரணம்.

ஒன்று, வழி இருட்டாக இருக்கும், மேல் வரிசைகள் சரியாகத் தெரியாது. காலையிலேயே போய்விடுங்கள். நண்பகலில் சன்னதி சாத்திவிடுவார்கள், அப்புறம் மாலையில்தான் திறப்பார்கள். வெயிலில் கல்தரையும் காலைப் பொசுக்கிவிடும்.

தஞ்சாவூர் பெரிய கோயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே செதுக்கி முடித்தது 81தான். அதுவும் விமானத்தின் மேல்தளத்துக்குள் இருப்பதால் பொதுவாக யாரையும் விடுவதில்லை.