என்னைவிட மூத்தவர் யாரும் களத்தில் இல்லை

டீச்சர் பதில்கள்

‘வயது ஏறுவதை முதலில் எதில் உணர்ந்தீர்கள்?’ என்று போன இதழில் கேட்டிருந்தேன். நரைமுடியையும் முழங்கால் வலியையும் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் பள்ளிக்கூடம், பாட்டு, விளையாட்டு என்றுதான் வந்திருக்கின்றன. அவற்றில் பதில் கேட்டு எழுதிய சிலருக்கு இங்கே எழுதுகிறேன்.

கேள்வி: டீச்சர், நான் 1982இல் பிறந்தவன். சின்ன வயதிலிருந்தே டெஸ்ட் கிரிக்கெட் பைத்தியம். 2024 ஜூலையில் இங்கிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன் ஓய்வு பெற்றார். அவரும் 1982தான். அதற்குப் பிறகு நான் பார்க்கும் எந்த அணியிலும் என்னைவிட மூத்தவர் ஒருவர்கூட இல்லை. டிவியைப் போட்டாலே மனது ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. பார்ப்பதையே விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள் தம்பி. எனக்கு அந்த நாள் 1994இலேயே வந்துவிட்டது. கபில்தேவும் நானும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் ஆட்டத்தை நிறுத்தியபோது எனக்கு முப்பத்தைந்து. உங்களுக்கு இப்போது இருக்கும் அதே கனம் எனக்கும் இருந்தது. அதுவரை ஆட்டக்காரர்களை நான் அண்ணாந்துதான் பார்த்திருந்தேன். அப்புறம் மெல்ல மெல்ல, என் வகுப்பில் படித்த பிள்ளைகளைப் பார்ப்பதுபோல அவர்களைப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு பையன் முதல் தொடரில், பாதியிலேயே குத்தி மார்புக்கு எழும்பும் ஷார்ட் பிட்ச் பந்துக்குத் தடுமாறுகிறான். அடுத்த தொடருக்கு அதைச் சரிசெய்துகொண்டு வருகிறான். நடுவில் அவன் எவ்வளவு பாடுபட்டிருப்பான் என்பது எனக்கு இப்போது தெரிகிறது. இருபது வயதில் அதெல்லாம் கண்ணில் படவில்லை. யார் எவ்வளவு அடித்தார்கள் என்பது மட்டும்தான் பட்டது. உங்களுக்கும் இந்தப் பார்வை வரும். அதற்குள் டிவியை அணைத்துவிட்டால் நஷ்டம்.

மூத்தவர் விடைபெறும் அதே ஆட்டத்தில் சின்னவர் ஒருவர் நுழைவதைக் கவனித்திருக்கிறீர்களா? 1899 ஜூனில் நாட்டிங்காமில் உள்ள டிரென்ட் பிரிட்ஜ் மைதானத்தில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதின. இங்கிலாந்தின் ஐம்பது வயது டபிள்யூ. ஜி. கிரேஸுக்கு அது கடைசி டெஸ்ட். அதே அணியில் வில்ஃபிரட் ரோட்ஸ் என்ற 21 வயதுக்காரருக்கு அதுதான் முதல் டெஸ்ட். அந்த ரோட்ஸ் தன் கடைசி டெஸ்டை ஆடியது 1930இல், ஜமைக்காவின் கிங்ஸ்டனில். அப்போது அவருக்கு 52 வயது! டெஸ்ட் ஆடியவர்களில் மிக மூத்தவர் இன்றைக்கும் அவர்தான். எதிரணியான மேற்கிந்தியத் தீவுகளில் இருபதே வயதான ஜார்ஜ் ஹெட்லி அந்த ஆட்டத்தில் 223 ரன் எடுத்தார். கிரேஸைப் பக்கத்தில் நின்று பார்த்த ஒருவர், ஹெட்லிக்கும் பந்து போட்டிருக்கிறார். எனக்கு இதை நினைத்தாலே சிலிர்க்கும்.

உங்கள் ஆண்டர்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். 704 விக்கெட்டோடு லண்டனின் லார்ட்ஸ் மைதானத்தில் விடைபெற்றார். அதே ஆட்டத்தில் அறிமுகமான கஸ் அட்கின்சன் 12 விக்கெட் எடுத்தார். 2003இல் அதே மைதானத்தில் ஆண்டர்சன் முதல் டெஸ்ட் ஆடியபோது அட்கின்சன் ஐந்து வயதுக் குழந்தை. நம் பக்கமும் இதே கதைதான். 1989 நவம்பரில் கராச்சியில் 16 வயது சச்சின் களமிறங்கியபோது அணியில் கபில் இருந்தார். 2013இல் மும்பையில் சச்சின் விடைபெற்றபோது கோலி இருந்தார். கோலியும் 2025 மே மாதம் டெஸ்டை விட்டுவிட்டார். அவரோடு ஆடிய ஜெய்ஸ்வால் 2001இல் பிறந்தவர்.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். இந்த ஆண்டு அறிமுகமாகும் யாராவது ஒருவரை, எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி, முதல் ஆட்டத்திலிருந்து விடாமல் பின்தொடருங்கள். அவருடைய ஸ்கோரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாம் பத்து வயதில் இப்படித்தானே ரசிகர்கள் ஆனோம்? தயவுசெய்து வீட்டுப் பிள்ளைகளிடம் ‘எங்கள் காலத்து ஆட்டம்தான் ஆட்டம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர்களுக்குப் பிடித்த ஆட்டக்காரரைச் சிறுமைப்படுத்தித்தான் நம் ஆட்டக்காரரை உயர்த்த வேண்டும் என்றில்லை.

கேள்வி: 43 வயதாகிறது. போனைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

பதில்: வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டும்போது கண்ணின் லென்ஸ் விறைத்துப்போய், பக்கத்தில் இருப்பதைக் குவித்துக் காட்ட முடியாமல் போகிறது. எல்லோருக்கும் வருவதுதான். கண் மருத்துவரிடம் போய்க் கண்ணாடி வாங்குங்கள், அப்படியே கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சோதனை இந்த வயதில் முக்கியம்.

கேள்வி: பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் பல வருடங்களுக்குப் பிறகு கூடினோம். முகங்களெல்லாம் உடனே தெரிந்தன. ஆனால் பாதிப் பேருடைய பெயர் வரவே இல்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளின் பெயரே மறந்துபோனது எனக்கு அவமானமாக இருந்தது. மறதி நோயின் ஆரம்பமா டீச்சர்?

பதில்: இல்லையம்மா. இதை முறையாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். ஹாரி பாரிக் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 392 பேரிடம் அவர்களுடைய பள்ளித் தோழர்களின் படங்களையும் பெயர்களையும் காட்டிச் சோதித்து, 1975இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பள்ளி முடித்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனவர்கள்கூட நூற்றுக்குத் தொண்ணூறு என்ற அளவில் முகங்களை அடையாளம் கண்டார்கள். ஆனால் எந்தப் படமும் காட்டாமல் ‘உங்களோடு படித்தவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள்’ என்றதும் தடுமாறிவிட்டார்கள். ஆண்டுகள் கூடக்கூட அந்தத் தடுமாற்றமும் கூடியது.

காரணம் இதுதான். முகம் எதிரில் வந்து நிற்கும்போது, அது தெரிந்த முகமா என்று மட்டும் மூளை பார்த்தால் போதும். பெயரை அப்படிப் பார்க்க முடியாது, உள்ளேயிருந்து தேடி எடுக்க வேண்டும். அவள் நன்றாகப் பாடுவாள், இடது கையால் எழுதுவாள் என்பதெல்லாம் ஒன்றோடொன்று தொடர்புள்ள நினைவுகள். ஒன்று வந்தால் இன்னொன்றும் கூடவே வரும். பெயருக்கு அந்தத் தொடர்பு கிடையாது. வயது ஏறும்போது பெயர் நாக்கு நுனியில் வந்து நிற்பது எல்லோருக்கும் அதிகமாகிறது.

என்னைத் தேடி வரும் பழைய மாணவர்களிடம் நான் கூச்சப்படாமல், ‘பெயரை மட்டும் சொல்லு, மற்றதெல்லாம் ஞாபகம் இருக்கிறது’ என்றுதான் சொல்வேன். பெயரைக் கேட்டதும் அவர்கள் உட்கார்ந்த வரிசை வரைக்கும் வந்துவிடும். அவர்களும் வருத்தப்பட்டதில்லை. நீங்களும் அப்படியே கேளுங்கள். அடுத்த முறை கூடும்போது பழைய வகுப்புப் படத்தை எடுத்துப் போய், எல்லோரும் சேர்ந்து பெயர்களை எழுதி வையுங்கள். படத்தின் பின்பக்கம் ஓரத்தில், மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுத வேண்டும். பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் புடைத்துத் தெரியும்.

தெரிந்த வழியிலேயே திசை தவறுவது, சற்று முன் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய வேலையைச் செய்யத் தெரியாமல் திகைப்பது, இவை வேறு. அப்படி இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: போன வருடம் என்ன செய்தேன் என்று கேட்டால் ஒன்றும் தோன்றவில்லை. பதினைந்து வயதில் நடந்ததெல்லாம் அப்படியே இருக்கிறது. எந்நேரமும் பள்ளி நாட்களைப் பற்றியே பேசுகிறேனாம். ‘இது ஒரு வியாதி’ என்கிறார் என் கணவர்.

பதில்: வியாதி என்றுதான் ஒரு காலத்தில் மருத்துவர்களும் நினைத்தார்கள். 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரை விட்டு வந்தவர்களை வாட்டும் ஏக்கத்தை ஒரு நோயாகவே எழுதினார். இன்றைக்கு அப்படி யாரும் சொல்வதில்லை. 2006இல் வெளியான ஓர் ஆய்வில் மக்கள் எழுதிக் கொடுத்த ஏக்க நினைவுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் அதில் நெருங்கிய மனிதர்கள் இருந்தார்கள். அப்படி நினைத்துப் பார்த்த பிறகு, ‘எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள்’ என்ற உணர்வும் கூடியிருந்தது.

பதினைந்து வயது அப்படியே இருப்பதும் எல்லோருக்கும் பொது. நடுவயது தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவை அளவுக்கு மீறிக் குவிந்திருக்கின்றன. 1986இல் உளவியல் ஆய்வாளர் டேவிட் ரூபினும் அவருடைய கூட்டாளிகளும் பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து இதைக் காட்டினார்கள். ஏன் என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உண்டு. எனக்குச் சரியாகப் படுவது, அந்த வயதில்தான் எல்லாமே முதல்முறையாக நடக்கிறது என்பது. முதல் உயிர்த் தோழி, முதல் மேடை, தனியாகப் போன முதல் பயணம். போன வருடத்தில் அப்படி என்ன இருந்தது உங்களுக்கு? இந்த வருடம் ஏதாவது புதிதாகக் கற்றுக்கொள்ளுங்கள். கணவரிடமும் அவருடைய பதினைந்து வயதைக் கேளுங்கள். ஒருவேளை அவரை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

இதைப் படிக்கும்போது கோபப்படும் வாசகர்களும் இருப்பார்கள் என்று தெரியும். ‘பள்ளி என்றால் எனக்கு அடியும் அவமானமும்தான் ஞாபகம்’ என்று இந்த முறை சிலர் எழுதியிருந்தார்கள். ஒருவர் தன் பள்ளி இருக்கும் தெருப்பக்கமே போவதில்லையாம். அவர்கள் ஏங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. பிள்ளைகளை அடித்து வளர்த்த காலத்தை யாராவது பொற்காலம் என்று சொன்னால், ஆசிரியையாக இருந்த நான் அதை ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: என் 19 வயது மகள், நான் கல்லூரியில் கேட்ட பாட்டுகளை என்னைவிட ஆசையாகக் கேட்கிறாள். அவள் பிறப்பதற்கு முன்னால் வந்த பாட்டுகள் அவை. எப்படி இது?

பதில்: அவள் குழந்தையாக இருந்தபோது வீட்டில் என்ன பாடிக்கொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள்! 2013இல் உளவியல் ஆய்வாளர் கேரல் கிரம்ஹான்சலும் இன்னொருவரும் வெளியிட்ட ஆய்வில், இருபது வயதுக்காரர்களுக்குப் பல பத்தாண்டுகளின் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். அவர்களுடைய சொந்தக் காலத்துப் பாட்டுகளோடு, பெற்றோரின் இளமைக் காலத்துப் பாட்டுகளிலும் நினைவும் பிடித்தமும் தனியாகத் தூக்கி நின்றன. தாத்தா பாட்டி காலத்துக்கும் ஒரு சின்ன மேடு தெரிந்தது. அவள் சிபாரிசு செய்யும் புதுப் பாட்டுகளை நீங்களும் முழுசாக, நடுவில் பேசாமல் கேளுங்கள்.

கேள்வி: பெட்டி நிறையப் பழைய கேசட்டுகள் இருக்கின்றன. பாட்டு, கிரிக்கெட் வர்ணனை, நண்பர்கள் விளையாட்டாகப் பதிவுசெய்தது, அம்மா பேசியது. அம்மா இப்போது இல்லை. பிள்ளைகள் குப்பை என்கிறார்கள். வைத்திருப்பதா, போடுவதா?

பதில்: போட்டுவிடாதீர்கள். சும்மா வைத்திருப்பதும் போதாது. பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை 1963இல் அறிமுகம் செய்தது. மெல்லிய பிளாஸ்டிக் நாடாவில் காந்தத்துகளை ஒரு பசையால் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பசை காலப்போக்கில் வலுவிழக்கும். ஈரமும் வெப்பமும் அதைச் சீக்கிரமாக்கும். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டும் உதிர்ந்துபோகும். ஆகவே இந்த வருடமே கணினிக்கு மாற்றிவிடுங்கள்.

முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். தவறிப்போய் ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் அம்மாவின் குரல் அழியாது. வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடவே போடாதீர்கள், அதைச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிளேயரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, உலரவிட்டுப் போடுங்கள். பல வருடம் அசையாமல் கிடந்த நாடாவை ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு அப்புறம் கேட்பது நல்லது. 120 நிமிட கேசட் என்றால் கூடுதல் கவனம் வேண்டும், நாடா மெல்லிசு, சிக்கிக்கொள்ளும். ஒரு மணி நேரக் கேசட்டை மாற்ற ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும். ஒலியைச் சுருக்கிவிடும் எம்பி3 மட்டும் போதாது, சுருக்காத வேவ் (WAV) கோப்பாகவும் சேமித்து, இரண்டு பிரதிகளை வெவ்வேறு இடத்தில் வையுங்கள். யார் பேசுகிறார்கள், எந்த வருடம் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். நண்பர்கள் பதிவுசெய்ததை அவர்களுக்கும் அனுப்புங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பேசிய கேசட்டை முதலில் எடுங்கள். வர்ணனையும் நண்பர்களும் அதற்கு அடுத்து. பாட்டுக் கேசட்டுகள் கடைசியில் இருக்கட்டும், அந்தப் பாட்டுகள் வேறு எங்கேயாவது கிடைக்கும்.