மண்புழு சான்றிதழ் தராது

கேள்வி: ஐயா வணக்கம். போளூர் பக்கம் 3 ஏக்கர் மானாவாரிக் கொல்லை வாங்கியிருக்கிறேன். முன்பு இருந்தவர் வருஷா வருஷம் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டு, கம்பளிப்புழுவுக்கு பி.எச்.சி. பவுடர் தூவியவராம். மோட்டார் கொட்டகை மூலையில் கட்டிதட்டிய வெள்ளைத் தூள் ஒரு மூட்டை கிடக்கிறது; கதவைத் திறந்தாலே ஒரு மக்கல் வாடை. இங்கே 200 நாட்டுக்கோழி மேயவிட ஆசை. மருந்துக்கடையில் ‘விஷமுறிவு திரவம்’ லிட்டர் 950 ரூபாய், 45 நாளில் மண் சுத்தமாகிவிடும் என்கிறார்கள். ஏக்கருக்கு எத்தனை லிட்டர் விடலாம்? மண்வெட்டி போட்டால் மண்புழு நெளிகிறது, அப்புறம் என்ன பயம் என்கிறார் பக்கத்துக் கொல்லைக்காரர்.

பதில்: ஒரு சொட்டும் விடவேண்டாம் தம்பி. பி.எச்.சி. (பென்சீன் ஹெக்சாகுளோரைடு) என்ற பூச்சிமருந்து ஒரே சரக்கு இல்லை. ஆல்பா, பீட்டா, காமா என்று பல வடிவங்களின் கலவை. தண்ணீர் கட்டி நிற்கும் நெல் வயலில் காமாவும் ஆல்பாவும் ஓரளவு சீக்கிரம் சிதையும். ஒடிசாவில் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பீட்டா லேசில் அசையாது. உங்களுடையதோ மானாவாரி. அதை 45 நாளில் கரைக்கிறேன் என்பவரிடம், எந்த வடிவத்தை என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடைக்காரர் டப்பாவைத் திருப்பி லேபிளைப் படிக்க ஆரம்பிப்பார்.

நீங்கள் கேட்டது மண்ணைப் பற்றி. கேட்டிருக்க வேண்டியது கோழியைப் பற்றி.

மண்புழு இருக்கிறதே என்கிறாரே, எனக்குக் கவலையே அதில்தான். 1954-இல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் மரங்களுக்கு டி.டி.டி. பூச்சிமருந்து அடித்தார்கள். உதிர்ந்த இலையைப் புழு தின்றது, புழு சாகவில்லை. அடுத்த வசந்தத்தில் அந்தப் புழுவைக் கொத்திய ராபின் குருவிகள் துடித்துச் செத்தன. பி.எச்.சி.யும் அதே மாதிரி கொழுப்பில் தங்கும் சாதி. கோழி புழுவோடு மண்ணையும் சேர்த்து விழுங்கும். விஷம் மஞ்சள் கருவில் ஏறும். கோழி கொக்கரித்துக்கொண்டு முட்டையும் ஒழுங்காக இடும், ஓடும் கெட்டியாக இருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க ஒன்றும் இராது. பால் மாட்டுக்கும் இதே கதைதான்.

கொல்லை முழுக்கத் தூவியது பெரும்பாலும் குறைந்திருக்கும். பி.எச்.சி.க்கு 1997-லேயே தடை வந்துவிட்டது. ஆபத்து கொட்டகையைச் சுற்றித்தான்: மூட்டை அடுக்கிய இடம், தூள் அள்ளிய வாசல், மழைத்தண்ணீர் வடியும் சரிவு. அதனால் மாதிரி எடுக்கும்போது, உரச் சிபாரிசுக்கு எடுப்பதுபோல பத்து இடத்து மண்ணைக் கலந்து கால் பங்காக்காதீர்கள். இதைத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்பதில்லை. கலந்தால் கொட்டகை விஷம் கொல்லை மண்ணில் மறைந்துபோகும், ரிசல்ட் அழகாக வரும். ஒவ்வொரு இடமும் தனி மாதிரி, மேல் அரை அடி மண், மூடியுள்ள கண்ணாடி பாட்டில். பிளாஸ்டிக் பை வேண்டாம். உங்கள் மண் பரிசோதனை நிலையத்தில் கார அமிலமும் தழை மணி சாம்பலும் பார்ப்பார்கள், இதைப் பார்க்கமாட்டார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சிமருந்து எச்சம் பார்க்கும் ஆய்வகம் இருக்கிறது, முதலில் விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.

மூட்டையைப் புதைக்கவோ கொளுத்தவோ கிணற்றில் தள்ளவோ கூடாது. கையுறை, முகக்கவசம் போட்டு மூடி உள்ள டிரம்மில் அப்படியே இறக்கிப் பூட்டிவிட்டு, வேளாண் அலுவலரிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் எழுதிக் கொடுங்கள்.

ரிசல்ட் வரும்வரை கோழிகள் அந்த மோட்டார் கொட்டகைப் பக்கம் போகாமல் வலை கட்டுங்கள். அந்தச் சரிவில் பூசணி, சுரை வேண்டாம். பூசணிக் குடும்பம் இந்த மாதிரி விஷத்தை வேரால் இழுப்பதில் கெட்டி. கேழ்வரகு போடலாம். தொழுவுரமும் மரக்கரித் தூளும் தாராளமாகப் போடுங்கள். விஷத்தை அழிக்காது, பிடித்து வைக்கும்.

மாதிரி எடுத்த ஒவ்வொரு இடத்திலும் எண் எழுதிய குச்சி நட்டு வையுங்கள். ரிசல்ட்டையும் அந்த எண்களையும் சேர்த்து அனுப்புங்கள், வலையை எங்கே நகர்த்தலாம் என்று சொல்கிறேன்.