ஸ்டாக்ஃபிஷ் ஓடினால் லேப்டாப் உறைகிறதே!

கேள்வி: மகளின் செஸ் ஆட்டங்களை அலச ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் இன்ஜின் (நகர்வுகளைக் கணக்கிடும் மென்பொருள்) போட்டிருக்கிறோம். 8 ஜிபி ரேம். ஹாஷை 6 ஜிபி ஆக்கியதும் எல்லாம் உறைகிறது. புது லேப்டாப் வாங்கணுமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள், அம்மா! ஹாஷ் என்பது கணக்கிட்டு முடித்த காய் நிலைகளை இன்ஜின் ரேமில் குறித்துவைக்கும் இடம். அதற்கே 6 ஜிபி போனால் விண்டோஸுக்கும் குரோமுக்கும் மிச்சம் ஏது? ரேம் பத்தாமல் விண்டோஸ் டிஸ்குக்கும் ரேமுக்கும் அலைவதில்தான் லேப்டாப் உறைகிறது. ஹாஷில் 1024 எம்பி போடுங்கள், தாராளம். ஸ்டாக்ஃபிஷ் தானாக எடுத்துக்கொள்வது வெறும் 16 எம்பிதான்! பிராசஸரில் நான்கு கோர் என்றால் திரெட்ஸ் (இன்ஜின் ஒரே நேரத்தில் ஓட்டும் கணக்கு வேலைகள்) மூன்று போதும். ஐந்து வரிகள் (சிறந்த நகர்வுத் தொடர்கள்) காட்டச் சொல்லியிருந்தால் இரண்டாகக் குறையுங்கள். எத்தனை நகர்வு முன்னோக்கிப் பார்க்கிறது என்ற ஆழம் சீக்கிரம் கூடும். அப்புறம், சென்னை வெயிலில் லேப்டாப்பை மெத்தைமேல் வைக்காதீர்கள். காற்றுவழி அடைத்தால், சூட்டில் பிராசஸரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.