மலை ஏற ரோடு பைக் பில்ட் செய்கிறேன், எடை குறைக்க முதலில் எந்தப் பாகத்தில் காசு போடலாம்?

பிரேம் வாங்கியாச்சு, மொத்த எடை 8 கிலோவுக்குள் வர வேண்டும், வார இறுதியில் குன்னூர், ஊட்டி ஏறுவதுதான் திட்டம், வீல்செட் (இரண்டு சக்கரங்கள்), குரூப்செட் (கியர், பிரேக், செயின் எல்லாம் சேர்ந்த தொகுதி), கார்பன் சீட் இதில் எது முதலில் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஊர் என்று சொல்லவில்லை, கோவை அல்லது திருப்பூர் பக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்திவிட்டு ஏறுவீர்கள், மதியத்துக்குள் அதே வழியில் இறங்குவீர்கள். நான் குன்னூர்க்காரன். உங்கள் கேள்வியில் ஏறுவது மட்டும்தான் இருக்கிறது, இறங்குவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எடைக் கணக்கு. மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேல், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். அதாவது ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். வண்டியில் ஒரு முழுக் கிலோ குறைத்தால் 150 வாட் சக்தியில் மிதிக்கிறவருக்கு மிச்சமாவது 100 விநாடி, 200 வாட் மிதிக்கிறவருக்கு 75 விநாடிக்குப் பக்கம். அவ்வளவுதான். சக்கரத்தில் குறைத்தால் இரண்டு மடங்கு பலன் என்று சொல்வார்கள். வேகத்தைச் சட்டென்று கூட்டும்போது அதில் கொஞ்சம் உண்மை உண்டு. மணிக்கு 10 கிலோமீட்டரில் ஒரே சீராக ஏறும்போது கிராம் எங்கே இருந்தாலும் கிராம்தான். உலகப் போட்டிகளுக்கே சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ வைத்திருக்கும் குறைந்தபட்ச எடை 6.8 கிலோ, அதற்குக் கீழே போனால் ஓட்ட விடமாட்டார்கள்.

இதைச் சொன்னால், காசு செலவழிக்க மனசில்லாதவன் பேசுகிறான் என்று யாராவது வருவார்கள். அப்படி இல்லை. எனக்கும் லேசான வண்டி பிடிக்கும். ஒவ்வொரு பாகத்தையும் சமையலறைத் தராசில் வைத்து, கம்பெனி சொன்ன எடை ஒரு பக்கம், தராசு காட்டிய எடை ஒரு பக்கம் என்று நோட்டு போட்டு எழுதியவன் நான். என் வண்டி அலுமினிய பிரேம், கார்பன் ஃபோர்க், டிஸ்க் பிரேக், பெடலோடு சேர்த்து 8.9 கிலோ. பாகம் வாங்கப் போன கடையில் பின்னால் 11-34 கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு, சிறியதில் 11 பல், பெரியதில் 34) வேண்டும் என்றபோது, "அது மவுண்டன் பைக் மாதிரி இருக்கும் சார், 100 கிராமுக்கு மேல ஏறிடும், 11-28 போட்டுக்கோங்க" என்றார்கள். நான் விடவில்லை. முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தாலே வண்டி மணிக்கு 9 கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். எட்டு சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்தைப் பிடிக்க முடியாதவர் மிதியைக் குறைப்பார், முட்டியில் பாரம் ஏறும். 34க்கு 34 இருந்தால் அதே மிதிக்கு ஏழரை கிலோமீட்டர். குன்னூர் போகும் வழியில் உள்ள பர்லியார் தாண்டி வளைவுகள் வரிசையாக வரும்போது அந்த 100 கிராம் இரும்பு என்னை உட்கார்ந்தபடியே மேலே கொண்டுவருகிறது. அந்தக் கடைக்காரர் வாழ்க்கையில் ஒருமுறையாவது குன்னூர் ஏறியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சரி, இறக்கம். மலைப்பாதையில் லாரி ஓட்டுகிறவரைக் கேளுங்கள், எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பார். சைக்கிளுக்கு அந்த வழி கிடையாது. ஏறும்போது சேர்த்த அவ்வளவு ஆற்றலும் இறங்கும்போது காற்றில் போக வேண்டும், இல்லாவிட்டால் பிரேக்கில் சூடாகப் போக வேண்டும். கொண்டை ஊசி வளைவும் முன்னால் பஸ்ஸும் இருக்கும் ரோட்டில் காற்றுக்கு விடும் பங்கு கம்மி. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் செங்குத்தான கல்லட்டி வழியாக வெளியூர் வண்டிகளை ஏன் இறங்க விடுவதில்லை என்று யோசித்துப் பாருங்கள்.

என் மனைவியின் தம்பி ஒரு வீல்செட் வாங்கினான். செகண்ட் ஹேண்ட், கார்பன் ரிம், ரிம் பிரேக் வண்டிக்கானது. இரண்டு சக்கரமும் சேர்த்து 1,400 கிராம்தான் என்று விற்றவர் சொன்னார். கார்பன் ரிம்முக்குத் தனி பிரேக் கட்டை போட வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அலுமினிய ரிம்முக்குப் போட்டிருந்த பழைய கறுப்புக் கட்டையோடே மாட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னோடு குன்னூரிலிருந்து இறங்கினான். லேசான தூறல் வேறு. நனைந்த கார்பன் ரிம்மில் பிரேக் பிடிக்கவே நேரம் எடுக்கும், அதனால் பயத்தில் லீவரை விடாமல் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறான். தூறல் நின்று ரோடு காய்ந்த பிறகும் அதே கதை. எனக்குப் பின்னாலிருந்து கருகிய நாற்றம் வந்தது. கூடவே சுற்றுக்கு ஒருமுறை டக், டக் என்று ஒரு சத்தம்.

"மாப்ள, ஓரமா நிறுத்து."

"நிக்க மாட்டேங்குது மாமா."

நல்ல வேளையாக மண் ஓரம் அகலமாக இருந்த இடம், காலை ஊன்றி நிறுத்திவிட்டான். முன் ரிம்மின் ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு வெளியே புடைத்திருந்தது. கட்டையின் ரப்பர் உருகி, கோடு கோடாக ரிம்மில் ஒட்டியிருந்தது. பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ட்யூப் வெடித்தது. அடுத்த வளைவில் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் மனைவியிடம் இன்றுவரை நாங்கள் விவரமாகச் சொன்னதில்லை. கார்பன் இழை சூட்டில் ஒன்றும் ஆகாது, அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் இளகிவிடும், உள்ளே டயர் காற்று அழுத்திக்கொண்டிருப்பதால் ஓரம் வெளியே தள்ளும். நடந்தது இதுதான். விற்றவரோ "நீங்க ஓட்டின விதம் சரியில்ல" என்று முடித்துக்கொண்டார்.

எல்லா கார்பன் ரிம்மும் இப்படி என்று நான் சொல்லவில்லை. புதிய ரகங்களில் பிசின் மேம்பட்டிருக்கிறது, டிஸ்க் பிரேக்கில் கட்டை பிடிப்பது ரிம்மை அல்ல, நடுவில் உள்ள ரோட்டர் என்ற தட்டை, அதனால் ரிம் சூடாவதே இல்லை. டிஸ்க்கால் வண்டி ஏறக்குறைய அரை கிலோ கூடும். நம் மலைக்கு அந்த அரை கிலோவைக் கொடுத்துவிடுங்கள். முன்னால் 160 எம்எம் ரோட்டரே போடுங்கள், 140 போட்டு கிராம் எண்ண வேண்டாம்.

இறக்கம் என்றதும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மலை ரோட்டில் ஏறும் வண்டிக்குத்தான் இறங்கும் வண்டி வழி விட வேண்டும், சாலை விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது. 2024 மே முதல் சுற்றுலா வருகிறவர்கள் இ-பாஸ் வாங்கிக்கொண்டு வருகிறார்கள், இந்த ஒரு விதியை யாரும் அவர்களுக்குச் சொல்வதாகத் தெரியவில்லை. சனி, ஞாயிறு மேலிருந்து வரும் கார்கள் வளைவிலேயே எதிர்ப் பக்கம் ஏறி வந்து, மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருக்கிறவனைப் பார்த்து ஹார்ன் அடிக்கின்றன. ஒதுங்கச் சாக்கடை ஓரம் மட்டும்தான் மிச்சம். பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதே நிலைமைதான். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் நீங்களும் காரில் வருகிறவர்தானே, சொல்லி வைக்கிறேன்.

அப்போ எதில் குறைக்கலாம்? டயரிலும் ட்யூபிலும்தான் முதல் காசு. கம்பி வைத்த 28 எம்எம் டயர் 350 கிராம் போல இருக்கும், மடக்கு டயர் 250 பக்கம். சாதாரண ட்யூப் 100 கிராமுக்கு மேல், டிபியூ என்ற மெல்லிய பிளாஸ்டிக் ட்யூப் 40 பக்கம். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 300 கிராமுக்கு மேல் போய்விடும், டயர் உருளுவதும் லேசாகும். மிக மெல்லிய டிபியூ ரகங்களை டிஸ்க் வண்டிக்கு மட்டும் என்றே விற்கிறார்கள், காரணம் மேலே சொன்ன அதே சூடு. அடுத்தது வீல்செட், நல்ல அலுமினியம், 1,600 கிராம் போதும். குரூப்செட்டில் ஷிமானோவின் 105க்கும் அதற்கு மேல் ரகமான அல்டெக்ராவுக்கும் ஒரே தலைமுறையில் வித்தியாசம் சுமார் 200 கிராம், அதற்குக் கொடுக்கும் விலை எனக்கு நியாயமாகப் படவில்லை. ஹேண்டில்பார், ஸ்டெம் அலுமினியமே இருக்கட்டும். டைட்டானியம் போல்ட் வேண்டவே வேண்டாம், அந்தக் காசில் போல்ட்டை அளவோடு முறுக்க ஒரு டார்க் ரெஞ்ச் வாங்குங்கள், கார்பன் சீட் போஸ்ட் போடுவதானால் அது இல்லாமல் கை வைக்கக் கூடாது.

கார்பன் சீட்டில் 100 கிராமுக்கு மேல் மிச்சமாகும், ஆனால் குன்னூர் ஏற இரண்டு மணி நேரம் அதன் மேல்தான் உட்கார வேண்டும். நண்பர் யாரிடமாவது இருந்தால் வாங்கி ஒருமுறை பர்லியார் வரை ஏறிப் பாருங்கள், இடுப்பெலும்பு அகலத்துக்குப் பொருந்தினால் வாங்கலாம், இல்லையென்றால் இப்போது இருக்கும் சீட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.