பிரேக் எச்சரிக்கை விளக்கு இடைக்கிடை எரிந்து அணைகிறது, ஸ்கேனில் ஒன்றும் வரவில்லை. காரை ஓடலாமா?

வயரைக் கழற்ற மட்டும் விடாதீர்கள். மற்றக் கதை எல்லாம் அப்புறம்.

நீங்கள் கேட்டது இது: 2008 டொயோட்டா விட்ஸ், ஓட்டோ கியர். டேஷ்போர்டில் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு இடைக்கிடை எரிகிறது, கொஞ்ச நேரத்தில் தானாக அணைகிறது. பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. கராஜில் ஸ்கேன் போட்டார்கள் (காரின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக்குறிகளைப் படிப்பது), ஒன்றும் வரவில்லை. "சென்சர் பழுது, வயரைக் கழற்றிவிட்டால் சரி" என்கிறார்கள். வெள்ளவத்தையிலிருந்து தினமும் வேலைக்குப் போய்வர இதை ஓடலாமா?

ஸ்கேனில் வராததில் அதிசயம் இல்லை. இந்த விளக்கை எரியவைப்பவை பெரும்பாலும் இரண்டு சாதாரண சுவிச்சுகள். ஒன்று ஹேண்ட் பிரேக்கின் அடியில். மற்றது பொனட்டுக்குள், பிரேக் ஒயில் டாங்கியில். டாங்கிக்குள் சின்ன மிதவை ஒன்று, அதில் ஒரு காந்தம். ஒயில் குறைந்து மிதவை இறங்கினால் காந்தம் அடியிலுள்ள சுவிச்சை மூடும், விளக்கு எரியும். இதில் பிழைக்குறி என்று பதிவாக ஒன்றுமே இல்லை. ஸ்கேனில் வரவில்லை, ஆகவே சென்சர்தான் பழுது என்பது காய்ச்சல் இல்லை, ஆகவே தெர்மோமீட்டர் பழுது என்பதைப் போன்ற கதை.

இன்றைக்கே பொனட்டைத் திறந்து ஒயில் மட்டத்தைப் பாருங்கள். சாரதிப் பக்கம், பின்சுவரோடு ஒட்டியபடி வெள்ளை பிளாஸ்டிக் டாங்கி இருக்கும். பழைய கார்களில் அது மஞ்சளித்துப்போய், வெளியிலிருந்து பார்த்தால் மட்டம் தெரியாது. பக்கத்தில் டோர்ச் அடித்து, காரை ஒருதரம் மெல்ல ஆட்டுங்கள். உள்ளே ஒயில் அசைவது கோடாகத் தெரியும். அந்தக் கோடு மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் நடுவில் இருக்க வேண்டும். கார் சமதரையில் நிற்கட்டும்; வீட்டு வாசல் சரிவில் வைத்துப் பார்த்தால் கணக்குத் தப்பும்.

கோடு கீழ்க் குறிக்குக் கிட்ட இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. வளைவில் திரும்பும்போது, பிரேக் பிடிக்கும்போது, இறக்கத்தில் போகும்போது ஒயில் ஒரு பக்கம் சாய்கிறது, மிதவை ஒரு நொடி இறங்குகிறது, விளக்கு வந்து போகிறது. சமதரையில் மட்டம் சரியாகிவிடும், விளக்கும் அணைந்துவிடும். என் மாமனாரின் கார் இப்படித்தான் தெஹிவளை மேம்பாலத்தில் இறங்கும்போது மட்டும் விளக்குக் காட்டியது. கராஜ்காரர் ஒயில் ஊற்றி நிரப்பி அனுப்பினார். விளக்குப் போனது, மாமாவுக்கும் சந்தோஷம். சில மாதத்தில் திரும்ப வந்தது. கொட்டாஞ்சேனையில் எங்களுக்குத் தெரிந்த பாஸ் (மெக்கானிக்) ஒருவர் முன் சில்லைக் கழற்றிக் காட்டினார்: சில்லோடு சுழலும் தகட்டை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட்டில் உராயும் பகுதி கிட்டத்தட்ட இல்லை, பின்தகட்டின் இரும்பு கண்ணுக்கே தெரிந்தது.

பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வருகிறது. அதன் பின்னால் உண்டாகும் இடத்தை நிரப்ப ஒயில் போகிறது. ஆகவே டாங்கியில் மட்டம் இறங்குவது பல நேரம் பேட் முடிகிறது என்பதற்கான அறிவித்தல். ஒயில் ஊற்றினால் அறிவித்தல்தான் நிற்கும். பிறகு புது பேட் போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, மேலே நிரப்பிய ஒயில் டாங்கி வழிந்து பெயின்டைத் தின்னும். அதனால் மட்டம் குறைந்தால் முதலில் பேட், அப்புறம்தான் போத்தல்.

பேட் நல்ல தடிப்பாக இருக்கிறது, ஆனாலும் மட்டம் இறங்குகிறது என்றால் எங்கோ கசிகிறது. இதில்தான் பயப்பட வேண்டும். பெரும்பாலான விட்ஸ்களில் பின்னுக்கு ட்ரம் பிரேக். ட்ரம்முக்குள் இருக்கும் சிலிண்டரின் ரப்பர் பழசானால் ஒயில் உள்ளுக்குள்ளேயே கசியும், நிலத்தில் ஒரு சொட்டும் விழாது. ட்ரம்மைக் கழற்றி, சிலிண்டர் முனையில் உள்ள ரப்பர் மூடியை விரலால் கொஞ்சம் விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டரின் காலம் முடிந்துவிட்டது. பின் சில்லின் உட்பக்கம் ஈரத்தோடு புழுதி அப்பியிருந்தாலும் இதே சந்தேகம்தான். இன்னொரு மறைவிடம் மாஸ்டர் சிலிண்டரும் (ஒயில் டாங்கிக்கு அடியில் இருப்பது) பூஸ்டரும் (பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டுவது) சேரும் மூட்டு. அங்கே கசிந்தால் ஒயில் பூஸ்டருக்குள் போய்விடும், வெளியில் தேடிக் கிடைக்காது. பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எல்லாமே ரீகண்டிஷனாகக் கிடைக்கும் என்பதற்காக பிரேக் ரப்பரையும் பழசாக வாங்காதீர்கள். கதவு, பம்பர், லைட் பழசு வாங்கலாம். இது மட்டும் புதுசு.

மட்டம் சரியாக இருக்கிறதா? அப்படியானால் விளக்கு எப்போது வருகிறது என்று ஒரு கிழமை கவனித்து போனில் குறியுங்கள். குழியில் விழுந்து எழும்பும்போது வந்தால் ஹேண்ட் பிரேக் சுவிச்சைச் சந்தேகப்படலாம். லிவரை முழுதாக இறக்கிய பிறகு கையால் இன்னும் கொஞ்சம் கீழே அழுத்திப் பாருங்கள், பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். விளக்கு அதற்கேற்பக் கண் சிமிட்டினால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். பக்கத்து மூடியைக் கழற்றினால் ஒற்றை வயரோடு சின்ன சுவிச் தெரியும். பல நேரம் சுத்தம் செய்து கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணினாலே போதும். கேபிள் இறுகி லிவர் முழுதாக இறங்காமல் நிற்பதும் உண்டு. அப்போது பின் சில்லு சூடாகும். ஓடி வந்து நிறுத்தியதும் ரிம்முக்குப் பக்கத்தில் கையை நீட்டினாலே தெரியும். தொட வேண்டாம்.

மழைக்குப் பிறகோ, சேர்விஸ் ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் அடித்த பிறகோ வந்தால் டாங்கியின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். மரைன் டிரைவ் பக்கம் கார் நிறுத்துகிற ஆக்களுக்கு இது புதிதல்ல. கடல் காற்றில் முனைகள் பச்சை பிடித்துப்போகும். கழற்றியதும் விளக்கு அணைந்தால் பிழை டாங்கி சுவிச்சிலோ மிதவையிலோ கனெக்டரின் ஈரத்திலோ. அணையாவிட்டால் ஹேண்ட் பிரேக் பக்கமோ வயரிங்கோ. பரிசோதனைக்காகக் கழற்றுவதில் குற்றமில்லை, பார்த்துவிட்டு மாட்டிவிடுங்கள். கராஜ்காரர் சொன்னபடி கழற்றியே விட்டால், நாளைக்கு உண்மையிலேயே ஒயில் கசிந்தால் சொல்ல ஆளில்லை.

கூடவே ஏபிஎஸ் விளக்கும் (சில்லு பூட்டாமல் தடுக்கும் அமைப்பின் விளக்கு) எரிந்தால் கதை வேறு, அப்போது ஸ்கேன் உதவும். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இதை வாசித்தால்: உங்கள் காரில் பிரேக் அழுத்தத்தைத் தனியாக ஒரு பம்ப் சேமித்து வைக்கிறது. சிவப்பு விளக்கோடு பீப் சத்தமும் வந்தால், அல்லது பம்ப் சில நொடிக்கொருமுறை ஓடும் சத்தம் கேட்டால், ஓடாதீர்கள். மேலே சொன்ன வீட்டு வைத்தியம் அதற்குப் பொருந்தாது. விட்ஸ் போன்ற சாதாரணக் காரில் பிரேக் விளக்கு பற்றரி விளக்கோடு சேர்ந்து மங்கலாக எரிந்தால், பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஆல்டர்நேட்டரைப் பாருங்கள்.

ஒயில் போத்தல் பற்றி ஒரு வார்த்தை. டாங்கி மூடியில் டொட் 3 (பிரேக் ஒயிலின் தரக்குறி) என்று இருந்தால் டொட் 3 அல்லது டொட் 4 ஊற்றலாம். டொட் 5 சிலிக்கோன் வகை, அதைக் கலக்கக் கூடாது. புது டொட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது; தண்ணீர் உறிஞ்சியபின் அது 140 வரை இறங்கலாம். பிரேக் ஒயில் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். கொழும்பின் ஈரக் காற்றில், டிக்கியில் பாதி போத்தலாகக் கிடக்கும் ஒயில் எதற்கும் உதவாது. டாங்கியில் உள்ளது பிளேன் டீ நிறத்துக்கு வந்திருந்தால் முழுதாக மாற்றுங்கள். விளக்குக்கு மட்டம் மட்டும்தான் தெரியும், ஒயில் பழசா என்று தெரியாது. கடுகண்ணாவை இறக்கத்தில் பழைய ஒயில் கொதித்து பிரேக் மெத்தென்று போகும்போதும் விளக்கு அணைந்தே இருக்கலாம். வருடா வருடம் புகைச் சான்றிதழ் எடுக்கிறோம், அந்தப் பரிசோதனையிலும் பிரேக்கைப் பார்ப்பதில்லை.

ஓடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். எஞ்சினை ஓடவிட்டு, பெடலை மிதித்து அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். பெடல் ஓரிடத்தில் உறுதியாக நின்று, ஒயில் மட்டமும் சரியாக இருந்தால், கராஜ் வரை நிதானமாக ஓடலாம். கால் மெல்ல மெல்லக் கீழே போனாலோ, மெத்தென்று இருந்தாலோ, மட்டம் கீழ்க் குறிக்குக் கீழே போயிருந்தாலோ காரை அசைக்காதீர்கள், பாஸை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பெடல் தரைக்குப் போனால் விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள், கியரைக் குறைந்த கியருக்கு (லிவரில் எல் அல்லது பி) இறக்குங்கள், ஹேண்ட் பிரேக்கைப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரே இழுவையில் இழுத்தால் பின் சில்லுகள் பூட்டிக் கார் சுழலும், மழை பெய்த காலி வீதியில் இன்னும் சுலபமாக.