பதில் சொல்லாத ஆலோசகர்

வணக்கம் மேடம்,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எனக்கு வயது 47. ஈரோட்டில் சிறிய அளவில் துணி வியாபாரம் செய்கிறேன். சென்ற ஆண்டு அப்பா காலமானார். அதன்பின் பாகப்பிரிவினையில் எனக்கும் தம்பிக்கும் பேச்சே நின்றுவிட்டது. இரவில் தூக்கமில்லை. கடையிலும் வீட்டிலும் எதற்கெடுத்தாலும் கத்துகிறேன். மனைவி வற்புறுத்தியதால் ஒரு கவுன்சலரிடம் போனேன். அமர்வுக்கு ஆயிரம் ரூபாய். நான்கு அமர்வுகள் முடிந்துவிட்டன.

அவர் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார், பொறுமையாகக் கேட்கிறார். ஆனால் எதற்கும் பதில் சொல்வதில்லை. "தம்பி மேல் வழக்குப் போடலாமா, வேண்டாமா?" என்று நேரடியாகவே கேட்டேன். "போட்டால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் சின்னப் பிள்ளை இல்லை சார், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்" என்றேன். அதற்கும் தலையை ஆட்டினார்.

எங்கள் பெரிய மாமாவாக இருந்தால் பத்து நிமிடத்தில் இப்படிச் செய் என்று சொல்லி, காபியும் கொடுத்து அனுப்பியிருப்பார். கேள்வி கேட்பதற்கு எதற்கு ஒரு படிப்பு, எதற்குக் கட்டணம்? இது ஏமாற்று வேலையா, இல்லை எனக்குத்தான் ஒத்துவரவில்லையா? ஐந்தாவது அமர்வுக்குப் போவதா என்று யோசிக்கிறேன். மனைவி தானும் கூட வருகிறேன் என்கிறாள். அது சரியா என்றும் சொல்லுங்கள்.

கே., ஈரோடு

அன்புள்ள கே. அவர்களுக்கு,

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஏமாற்று வேலையாகத் தெரியவில்லை. ஆனால் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நான்கு அமர்வுகள் முடிந்த பிறகும் அங்கே என்ன வேலை நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அதைச் சொல்லித்தர வேண்டிய பொறுப்பு அவருடையது.

மாமாவிடமிருந்து தொடங்குகிறேன். நான் மாமாக்களுக்கு எதிரி இல்லை. தம்பியை வரவழைத்து, இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, இன்னின்ன சர்வே எண் இன்னாருக்கு என்று பேசி முடிக்க அவரால் முடியுமென்றால் அதை எந்த ஆலோசகராலும் செய்ய முடியாது. தாராளமாகப் போங்கள். ஆனால் நீங்கள் இதுவரை போகவில்லை. அவர் உங்கள் தம்பிக்கும் மாமா. காலையில் அவரிடம் சொன்னது சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துவிடும். அவர் சொன்னபடி நீங்கள் கேட்காவிட்டால் அடுத்த கல்யாண வீட்டில் முகம் திருப்பிக்கொள்வார். எந்தப் பக்கத்துக்கும் உறவில்லாத ஒரு மனிதரிடம் பேசத்தான் நீங்கள் ஆயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

வழக்கு பற்றிய உங்கள் கேள்வியில் பாதி வக்கீலுடையது. பத்திரங்களை எடுத்துக்கொண்டு ஒருவரைப் பார்த்துவிடுங்கள். உங்களுக்கு என்ன உரிமை, எத்தனை செலவு, எவ்வளவு காலம் என்று அவர் சொல்லுவார். அந்த விவரம் கைக்கு வந்த பிறகும் இரவு இரண்டு மணிக்கு விழித்துக் கிடப்பீர்களே, அந்தப் பாதிதான் ஆலோசகரின் அறைக்கு உரியது.

உங்கள் ஆலோசகர் ஏன் திருப்பிக் கேட்டார்? இந்தப் பழக்கம் எங்கள் தொழிலுக்குள் வந்ததில் பெரும் பங்கு உளவியலாளர் கார்ல் ராஜர்ஸுடையது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் குழந்தைகள் வழிகாட்டு நிலையத்தில் வேலை பார்த்தவர். அங்கே நடந்த ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். அடங்காத ஒரு பையனின் தாயோடு பல அமர்வுகள் பேசினார். சிக்கலின் வேர் ராஜர்ஸுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. மகன் மிகச் சிறுவனாக இருந்தபோதே அந்தத் தாய் அவனை உள்ளூர ஒதுக்கியிருந்தார். இதைத் தாய்க்கு மெல்ல மெல்லப் புரியவைக்க ராஜர்ஸ் பார்த்தார், தாய் சொன்னவற்றையே எடுத்துக் கோத்துக் காட்டினார். ஒன்றும் நகரவில்லை. கடைசியில், "நாம் இருவரும் முயன்றோம், பலனில்லை, இத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா?" என்று ராஜர்ஸே கேட்டார். தாயும் சரி என்றார். கைகுலுக்கிவிட்டுக் கதவு வரை போனவர் திரும்பி நின்று கேட்டார்: "இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா?" உண்டு என்றதும், சற்று முன் எழுந்த அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கணவரோடு தன் வாழ்க்கை எப்படி நொறுங்கிக்கொண்டிருக்கிறது, தான் எவ்வளவு குழம்பித் தோற்றுப்போயிருக்கிறேன் என்று கொட்டித் தீர்த்தார். அதுவரை ஒப்பித்துவந்த மகனின் சரித்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உண்மையான சிகிச்சை அப்போதுதான் தொடங்கியது, அவருக்கும் பலித்தது, பையனுக்கும் பலித்தது என்கிறார் ராஜர்ஸ்.

இதில் என்னை உறுத்துவது, ராஜர்ஸின் கணிப்பு தவறாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான். சரியாகவே இருந்திருக்கலாம். சரியான பதிலை ஒரு வளர்ந்த மனிதரின் முன் வாரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருந்தும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. தன்னுடைய துயரம் எதுவோ அதைத் தானே எடுத்து மேசையில் வைத்தபோதுதான் வேலை நடந்தது.

பிறகு ஒஹாயோவுக்குப் போன ராஜர்ஸ், வந்தவர்களின் சம்மதத்தோடு அமர்வுகளை ஒலித்தட்டில் பதியத் தொடங்கினார். ஒரு தட்டில் சில நிமிடப் பேச்சுதான் அடங்கும், மாற்றி மாற்றிப் போட வேண்டும். 1942இல் வெளியான தன் நூலில் ஒருவரின் அத்தனை அமர்வுகளையும் பேசியது பேசியபடியே அச்சிட்டார். பதிவுகளைப் போட்டுக் கேட்டபோது வெளியே வந்த சங்கதி வேடிக்கையானது. அறிவுரை சொல்லி வழிநடத்துகிற ஆலோசகர்கள், உதவி கேட்டு வந்தவரைவிட அதிகம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் நான் ராஜர்ஸை அப்படியே பின்பற்றுகிறவள் இல்லை. கல்யாணம், படிப்பு, கடை வைப்பது என்று எல்லாவற்றிலும் பெரியவர்கள் ஒரு வார்த்தை சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அப்படிப்பட்டவர் முன்னால் ஒருவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தால், கைவிட்டுவிட்டார் என்றுதான் தோன்றும். மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் பிலடெல்பியாவில் உருவாக்கிய முறையில் அமர்வு இன்று எதைப் பேசப்போகிறோம் என்ற ஏற்பாட்டோடு தொடங்கும், வீட்டில் செய்துபார்க்க ஏதாவது ஒன்றோடு முடியும். நம் ஊரில் வேலை செய்ய எனக்கு அது கூடுதலாகக் கைகொடுக்கிறது. எந்த முறையானாலும், ஏன் பதில் சொல்லாமல் கேள்வி கேட்கிறேன் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மௌனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற ஆலோசகர்களும் எங்களில் உண்டு.

உங்கள் விஷயத்தில் விடுபட்டது என்னவென்று யோசித்தபோது உளவியலாளர் எட்வர்ட் போர்டின் நினைவுக்கு வந்தார். ஆலோசகருக்கும் வந்தவருக்கும் இடையே உள்ள உடன்பாட்டை 1979இல் அவர் மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: எதை அடையப் போகிறோம் என்பதில் ஒப்புதல், அதற்கு இருவரும் என்னென்ன செய்வோம் என்பதில் ஒப்புதல், இருவருக்கும் இடையே ஒட்டுதல். மூன்றாவது உங்களுக்கு ஓரளவு இருக்கிறது, மரியாதையானவர், பொறுமையானவர் என்கிறீர்கள். முதலாவது இல்லவே இல்லை. உங்கள் மனைவி உங்களை அனுப்பியது நீங்கள் கத்துவதை நிறுத்த. நீங்கள் போனது தம்பி விவகாரத்துக்கு ஒரு தீர்ப்பு வாங்க. அந்த ஆலோசகர் எதற்காக உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியவில்லை. ஒரே பஸ்ஸில் மூன்று ஊருக்கு டிக்கெட் எடுத்த மாதிரி இருக்கிறது.

நானாக இருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்று சொல்கிறேன். நேற்றைய இரவை மணிவாரியாகக் கேட்பேன். எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தீர்கள்? எப்போது விழிப்பு வந்தது? விழித்ததும் முதலில் தோன்றிய வாக்கியம் என்ன? "அவன் எப்படி என்னை அப்படிச் சொல்லலாம்" என்றா, "அப்பா இருந்திருந்தால்" என்றா, "ஊரில் என்ன நினைப்பார்கள்" என்றா? மூன்றும் மூன்று வேறு வேலைகள். எழுந்து என்ன செய்தீர்கள், போனை எடுத்தீர்களா, குடித்தீர்களா? அதன்பின், "வழக்கில் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அடுத்த பொங்கலன்று காலையில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்பேன். இதுவும் கேள்விதான். ஆனால் எதற்காகக் கேட்கிறேன் என்று முன்பே சொல்லியிருப்பேன்.

நேரடியாகப் பேசவேண்டிய இடங்களும் உண்டு. கத்துவது கைநீட்டுவதாக மாறினால், தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால், உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் நான் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன், இன்னது செய்யுங்கள் என்று சொல்லிவிடுவேன். அப்படி எண்ணம் வரும் இரவுகளில் 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸில், எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இத்தனை மாதம் தூக்கம் கெட்டிருந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றை ஒரு மருத்துவர் பார்த்துவிடுவதும் நல்லது. என்னால் மருந்து எழுதித் தர முடியாது, உங்கள் ஆலோசகராலும் முடியாது.

ஐந்தாவது அமர்வுக்குப் போங்கள். எனக்கு எழுதிய கடிதத்தை அவர் முன்னால் வாசியுங்கள், காபி பற்றி எழுதிய வரி உட்பட. ஆலோசகருக்கும் வந்தவருக்கும் இடையே விழும் விரிசலைப் பற்றியே ஜெரமி சாஃப்ரன், கிறிஸ்டோபர் முரன் போன்ற உளவியலாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். அதை அப்போதே வெளிப்படையாகப் பேசிச் சரிசெய்தால் சிகிச்சை பலப்படுகிறது என்பது அவர்கள் கண்டது. தம்பியிடம் இன்னும் உங்களால் செய்ய முடியாததை, கோபமாக இருக்கும்போதே எழுந்து போகாமல் பேசுவதை, முதலில் இவரிடம் செய்து பார்க்கலாம். அவர் எப்படி வாங்கிக்கொள்கிறார் என்று கவனியுங்கள். "சொன்னது நல்லது, இனி எதற்காகச் சந்திக்கிறோம் என்று எழுதி வைத்துக்கொள்வோம்" என்றால் தொடருங்கள். முகம் சுருங்கினாலோ, உங்கள் அதிருப்தியையும் ஒரு நோய்க்குறியாக்கிவிட்டாலோ, வேறு ஆளைப் பாருங்கள்.

படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவரிடம் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவெண்ணைக் கேட்கலாம். கவுன்சலர் என்ற பலகையைச் சில வாரப் பயிற்சியோடு மாட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அதே சமயம் பட்டம் மட்டுமே எல்லாம் இல்லை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழுவினர், மனநலப் பட்டம் இல்லாத சாதாரண மக்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வில் இருந்தவர்களோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசவைத்தார்கள். லான்செட் மருத்துவ இதழில் 2017இல் முடிவு வந்தது. மூன்று மாதத்தில் அவர்களிடம் பேசியவர்களில் 64 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 சதவீதம். அந்த ஆலோசகர்கள் தங்கள் அமர்வுகளைப் பதிந்து, கூடி உட்கார்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். அதனால் "என்ன படித்தீர்கள்?" என்பதோடு, "உங்கள் வேலையை யார் மேற்பார்வை பார்க்கிறார்கள்?" என்றும் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்கிறவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

மனைவி வருவது பற்றி: ஐந்தாவது அமர்வு வேண்டாம், அது உங்களுக்கும் ஆலோசகருக்கும் உரியது. அதன்பின் ஆலோசகரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு மனைவியை ஒரு முறை அழைத்துப் போகலாம். நீங்கள் தனியாகச் சொன்னவற்றில் எது மனைவி முன்னால் பேசப்படலாம், எது கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் அனுமதி இல்லாமல் ஆலோசகர் எதையும் சொல்லக்கூடாது. வீட்டில் நடப்பதை மனைவி சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேட்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொண்டு அழைத்துப் போங்கள். இத்தனை மாதக் கத்தலில் அவருக்கும் தூக்கம் போயிருந்தால் அவருக்கென்று வேறொரு ஆலோசகர் இருப்பதே நல்லது. ஒரே ஆலோசகர் கணவன் மனைவி இருவரையும் தனித்தனியாகப் பார்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.