கம்பத்து ஜீப்பும் பச்சைப் பெயிண்டும்

கேள்வி: கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் எங்களுக்குச் சின்ன ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. கம்பத்தில் ஒரு மகிந்திரா எம்.எம்.540 ஜீப் விலைக்கு வந்திருக்கிறது. டி.என்.60 பதிவு, பச்சைப் பெயிண்ட், துணி டாப். ‘மிலிட்டரி ஏலத்தில் எடுத்த வண்டி, ஃபோர் வீல் வேலை செய்யும், இன்ஜின் புதுசு’ என்கிறார் விற்பவர். வாங்கலாமா? வாங்கினால் வேலையை எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: இன்ஜின் சத்தத்தைக் கேட்டு மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். இந்த ஜீப்பில் இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. கெட்டால் மாற்றமுடியாதவை ஆர்.சி.யும் (பதிவுச் சான்று) சேசிஸும்தான் (அடிச்சட்டம்). முதலில் அவை இரண்டையும் பாருங்கள்.

ஆர்.சி.யில் சி.சி. எவ்வளவு என்று போட்டிருப்பதைப் படியுங்கள். எம்.எம்.540-க்குக் கம்பெனி கொடுத்தது பியூஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல், 2,112 சி.சி. ‘புதுசு’ என்று சொல்லி ஏற்றுவது பெரும்பாலும் மகிந்திராவின் எம்.டி.ஐ. டீசல் இன்ஜின், 2,523 சி.சி. எம்.டி.ஐ. மோசமில்லை, சாமானும் எளிதாகக் கிடைக்கும். ஆனால் மாற்றியது ஆர்.சி.யில் ஏறவில்லை என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் மாட்டுவீர்கள். விபத்து இழப்பீடு கேட்கும்போது காப்பீட்டுக்காரர்கள் பிடித்துக்கொள்ளவும் அது ஒரு காரணம் ஆகிவிடும். பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜின் ஏற்றிவிட்டு, ஆர்.சி.யில் இன்னும் ‘பெட்ரோல்’ என்றே இருந்தால் தொடவே வேண்டாம்.

அடுத்து, ஆர்.சி. எதுவரை செல்லும் என்று பாருங்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதன்பின் படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கவேண்டும். காலாவதியான ஆர்.சி. என்றால் விற்பவரே புதுப்பித்து, படிவம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கித் தரட்டும், அப்புறம் மீதிப் பணம். ‘நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், விலையில் குறைத்துக்கொள்கிறேன்’ என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் அதை நீக்கப் படிவம் 35. வண்டி கேரளத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் கே.எல். எண் வாங்கியாகவேண்டும், கேரள வரியும் கட்டவேண்டும். அந்த வரி எவ்வளவு என்பதை விலை பேசுமுன் வண்டிப்பெரியாறு ஆர்.டி. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பச்சை அடித்ததெல்லாம் மிலிட்டரி வண்டி ஆகாது. ராணுவ ஏலத்தில் வந்த வண்டிக்கு ஏல விடுவிப்புக் கடிதம் இருக்கும். அதன் நகலில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். அரியானாவின் மண்டி டப்வாலி பக்கம் பழைய சேசிஸில் புது பாடி கட்டி ஜீப் செய்து விற்பது பெரிய தொழில். கட்டுமானம் அழகாகவே இருக்கும், காகிதம்தான் பல நேரம் கதை சொல்லும். இன்னொன்று, மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும். தனியார் ஜீப்பில் அந்த நிறம் இருந்தால் மாற்றவேண்டும், ஆர்.சி.யிலும் நிறத்தைத் திருத்தவேண்டும். மேல்நோக்கிய அம்புக்குறி எண்பலகையும் ராணுவத்துக்கே உரியது. மணல் நிறமோ சாம்பலோ அடித்தாலும் ஜீப் ஜீப்தான். 2021-இல் வந்த விண்டேஜ் பதிவை நம்பவும் வேண்டாம். அது 50 வருடம் தாண்டிய, அசல் மாறாத வண்டிகளுக்கு. தினசரி ஓட்டத்துக்கு அதில் இடமில்லை.

இனி சேசிஸ். எண் பொறித்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியாலும் கம்பி பிரஷாலும் சுத்தம் செய்து, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேயுங்கள். எழுத்துகளின் ஆழமும் வரிசையும் ஒரே சீராகத் தெரியவேண்டும். சுற்றிக் கிரைண்டர் கோடோ வெல்டிங் மேடோ தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம். பிறகு படுத்துப் பாருங்கள். பிளேட் செட் (பட்டை ஸ்பிரிங்) தொங்கும் ஷேக்கிள் பிராக்கெட்டுகள், பின் குறுக்குச் சட்டம், ஸ்டீயரிங் பாக்ஸ் பூட்டிய இடம் மூன்றிலும் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்துங்கள். தகடு உள்ளே போனால் துரு தின்றிருக்கிறது. பாடித் தளத்துக்கு அடியில் குறுக்கே ஓடும் மடக்குத் தகடுகள் உள்ளிருந்து அரிப்பவை, வெளியே பெயிண்ட் பளபளக்கும். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டிப்பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு). பீர்மேடு மழைக்கு அது ஒரு வருடம் தாங்காது.

ஃபோர் வீல் சோதனையை விற்பவர் வாயில் விடக்கூடாது. நம் பக்கத்து ஜீப்புகளில் முன் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டை (முன் ஆக்ஸிலுக்கு விசை கொண்டுபோகும் தண்டு) கழற்றி வைத்து, சில சமயம் முன் ஆக்ஸில் ஷாஃப்ட்டையும் உருவி விற்றுவிட்டு, லீவரை மட்டும் அப்படியே விட்டிருப்பார்கள். முன்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். பின் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். டூ வீலில் அந்தச் சக்கரத்தைச் சுற்றினால் முன் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டும் கூடவே சுற்றவேண்டும். பிறகு இன்ஜினை நிறுத்திய நிலையிலேயே வண்டியைக் கியரில் போட்டு, ஃபோர் வீல் லீவரையும் போடுங்கள். இப்போது சக்கரம் அசையக்கூடாது. சும்மா சுற்றினால் உள்ளே ஷாஃப்ட் இல்லை, அல்லது உடைந்திருக்கிறது, அல்லது ஹப் பூட்டவில்லை. ஹப் மூடியைத் திறந்து பாருங்கள்.

அதே ஜாக்கியில் இன்னொரு வேலையும் ஆகும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி). கிங்பின் தேய்ந்த ஜீப் ஒரு குழியில் இறங்கியதும் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும். கிங்பின் பேரிங்கை மாற்றி, ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்தால் தீரும். ஸ்டீயரிங் டேம்பர் (உதறலை அடக்கும் குழாய்) போட்டு நோயை மறைப்பவர்களும் உண்டு.

வாங்கிய பிறகு எல்லோரும் பெயிண்டில் ஆரம்பிப்பார்கள். அது கடைசி வேலை. முதலில் பிரேக்: மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரத்தின் வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், புது டாட் 3 திரவம். ஒரே சர்க்யூட் உள்ள பழைய ஜீப்பில் ஒரு ஹோஸ் போனால் நான்கு சக்கரமும் போச்சு. அதனால் ‘இன்னும் கொஞ்ச நாள் ஓடும்’ என்ற பேச்சே வேண்டாம். அதன்பின் ஸ்டீயரிங், ரேடியேட்டர், யு போல்ட், பிளேட் செட் புஷ்கள். யு போல்ட்டுகளை முதல் 200 - 300 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள்.

ஆயில் விஷயத்தில் ஒர்க்ஷாப்காரர் கேனில் இருப்பதையே ஊற்ற விடாதீர்கள். டிஃபரன்ஷியலுக்கு (ஆக்ஸில் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) ஜி.எல்.5 தரம். கியர்பாக்ஸுக்கு 80டபிள்யூ-90, ஜி.எல்.4 தரம், ஜி.எல்.5-இல் உள்ள கந்தகச் சேர்மானம் கியர்பாக்ஸின் பித்தளை வளையங்களைச் சில சமயம் அரிக்கும். கியர்பாக்ஸும், முன் ஆக்ஸிலுக்கும் விசையைப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸும் ஒட்டியே இருப்பதால் ஒன்றின் ஆயில் மற்றொன்றில் இறங்கும். எனவே இரண்டிலும் ஒரே ஆயில் ஊற்றி, அளவை இரண்டிலும் சேர்த்தே பாருங்கள்.

பாடிக்கு 18 கேஜ் தகடு போதும். துருவை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வையுங்கள். பழைய துருவின் மேலேயே தகடு ஒட்டினால் இடையில் ஈரம் தேங்கி இரண்டும் சேர்ந்து போகும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், தளத்தின் வடிகால் ஓட்டைகளைப் பட்டியால் அடைக்காமல் விடுவது, இவ்வளவும் முடிந்தபிறகு நிறம்.

ஓட்டும்போது, ஃபோர் வீல் மண்ணுக்கும் சேற்றுக்கும் மட்டும். முன், பின் ஆக்ஸில்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷியல் இதில் கிடையாது. தார்ச்சாலையில் ஃபோர் வீலில் திரும்பினால் ஷாஃப்ட்டுகள் முறுக்கிக்கொண்டு, பலவீனமான ஜாயின்ட் ஒன்று உடையும். குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்கும்போது ஏறுவதற்குப் போடும் கியரிலேயே இறங்குங்கள். டிரம் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் சூடேறி மிதி கல்லாகும், வண்டி நிற்காது. ஓடையைக் கடந்தால் அடுத்த நூறு மீட்டருக்கு லேசாகப் பிரேக் பிடித்துக்கொண்டே ஓட்டி டிரம்மைக் காயவையுங்கள். ஹப் அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் மறுநாள் காலை இரண்டு டிஃபரன்ஷியலின் அடியிலுள்ள வடிகால் அடைப்பானையும் கொஞ்சம் தளர்த்துங்கள். முதலில் தண்ணீரோ பால் நிற ஆயிலோ வந்தால் முழுவதையும் வடித்து மாற்றவேண்டும்.